நூல் யார் கையில்?

ஒரு சாரத்தின் விலையை அதை நெய்கிறவர் தீர்மானிப்பதில்லை. நூலைக் கடனாகக் கொடுக்கிறவர்தான் தீர்மானிக்கிறார். இலங்கையின் கிழக்குக் கரையோர ஊரான மருதமுனையில் தறி உள்ள எந்த வீட்டில் கேட்டாலும் இதைச் சொல்வார்கள். முதலாளி பாவுக்கும் ஊடைக்கும் நூல் தருவார். நெய்ததை அவரிடமே ஒப்படைக்க வேண்டும். நூல் காசைக் கழித்துக்கொண்டு மிச்சத்தைக் கூலியாகக் கொடுப்பார். இன்னொருவர் கூடுதல் விலை தருகிறேன் என்று வாசலில் வந்து நின்றாலும் விற்க முடியாது. எங்கள் வீட்டிலும் இதே கதைதான். மூத்தம்மா நெய்தார், உம்மா தார் சுற்றினார், வாப்பா மாதக் கடைசியில் முதலாளி வீட்டுக்குப் போய்க் கணக்கு முடித்து வந்தார்.

நான் கூட்டுறவுத் திணைக்களத்தில் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவள். பொல்கொல்லையில் உள்ள கூட்டுறவு அபிவிருத்தி நிறுவனத்தில் பயிற்சி பெற்று, கல்முனை முதல் அக்கரைப்பற்று வரை சங்கங்களின் புத்தகங்களைப் புரட்டியதுதான் என் வாழ்நாள் வேலை. இன்றைக்கும் எங்கள் கரையோரத்துக்கு உதவ வருகிறவர்கள் கூட்டுறவு என்றதும் கட்டடத்தையும் இயந்திரத்தையும் பற்றிப் பேசுகிறார்கள். எனக்கு அது கவலை தருகிறது. நூலுக்கும் கணக்குக்கும் வழி செய்யாத சங்கம் எத்தனை தறி வைத்திருந்தாலும் நிலைக்காது.

கூட்டுறவு என்பது பெரிய தத்துவம் ஒன்றுமில்லை. 1844ஆம் ஆண்டு டிசம்பரில் இங்கிலாந்தின் ரோச்டேல் நகரில் 28 பேர் ஆளுக்கொரு பவுண் சேர்த்து ஒரு கடை திறந்தார்கள். மாவு, சீனி, வெண்ணெய் என்று சில சாமான்கள்தான் அதில் இருந்தன. அவர்களில் பலர் நெசவாளர்கள். ஆளுக்கு ஒரு வாக்கு, கலப்படம் இல்லாத சரக்கு, கிடைத்த மேலதிகத்தை அவரவர் வாங்கிய அளவுக்குப் பிரித்துக் கொடுப்பது என்ற அவர்களுடைய ஒழுங்கைத்தான் உலகம் முழுக்க இன்றும் பின்பற்றுகிறார்கள். முதற்பணம் அவர்களுடைய சொந்தப் பணமாக இருந்தது என்பதை நான் பயிற்சி வகுப்புகளில் திரும்பத் திரும்பச் சொல்வேன்.

நம் நாட்டிலோ கூட்டுறவு அரசாங்கத்தின் கையைப் பிடித்தே நடந்தது. 1911இல் கடன் சங்கங்களுக்கான சட்டம் வந்தது. இரண்டாம் உலகப் போரின்போது பங்கீட்டு அரிசிக்காக ஊரூராகச் சங்கக் கடைகள் முளைத்தன. 1957இல் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்கள் தொடங்கின. நெசவாளர் சங்கங்களும் அந்தக் காலத்தவைதான். நூலும் அரசாங்கத்தின் வழியாக வந்தது, துணியையும் அரசாங்கமே வாங்கியது. 1970களின் முற்பாதியில் வெளிநாட்டுத் துணிக்குக் கட்டுப்பாடு இருந்ததால் மருதமுனையில் தறிகளுக்கு ஓய்வே இல்லை. 1977இல் பொருளாதாரத்தைத் திறந்துவிட்டதும் விசைத்தறித் துணியும் கப்பலில் வந்த துணியும் சந்தையை நிரப்பின. அரசாங்கத்தை நம்பியிருந்த சங்கங்கள் ஒவ்வொன்றாக முடங்கின. நெசவாளர் மறுபடி முதலாளியின் வாசலுக்கே போனார்கள்.

பிறகு 2004 டிசம்பர் 26. இலங்கையில் ஆழிப்பேரலைக்கு அதிக உயிர்களைக் கொடுத்தது எங்கள் அம்பாறை மாவட்டம். 10,000க்கும் மேற்பட்டோர் போனார்கள். மருதமுனை, சாய்ந்தமருது, காரைதீவு என்று கரையோரமே சிதைந்து கிடந்தது. உலகம் ஓடி வந்து உதவியது, அதை நன்றியோடுதான் நினைக்கிறேன். ஆனால் உதவியைப் பெறுவதற்கு ஒரு சங்கம் வேண்டும் என்று சொல்லப்பட்டதால், சங்கங்கள் அவசர அவசரமாகப் பிறந்தன. சின்னப் படகுகள் தேவைக்கும் மேலாக வந்து இறங்கின, கடலுக்குப் போகாதவர்களுக்கும் கிடைத்தன. ஓர் ஊரில் ஒரு நிறுவனம் நல்ல நெசவு நிலையம் கட்டித் தறிகளும் முதல் தவணை நூலும் கொடுத்துவிட்டுப் போனது. நூல் முடிந்ததும் அடுத்த கட்டு வாங்கச் சங்கத்திடம் காசு இல்லை. நெய்ததை விற்று வந்த பணத்தின் கணக்கை எழுதி வைத்தவரும் இல்லை. நான் போனபோது தறிகளின் மேல் அரிசி மூட்டைகளை அடுக்கியிருந்தார்கள்.

அதே காலத்தில் பத்துப் பன்னிரண்டு பெண்கள் சேர்ந்த ஒரு சின்னக் குழு நின்று பிடித்தது. அவர்களுக்குக் கட்டடம் கிடைக்கவில்லை. ஓர் உதவி நிறுவனத்திலிருந்து ஒரு பிள்ளை மாதாமாதம் வந்து, பேரேடு எழுதுவது எப்படி, கூட்ட அறிக்கை எழுதுவது எப்படி என்று கூட இருந்து பழக்கினாள். அவர்கள் நூல் வாங்கும் முறையைச் சொன்னால் விஷயம் விளங்கும்.

எங்கள் ஊர்ப் பெண்களில் பலர் வட்டிக் கடன் வேண்டாம் என்று இருப்பவர்கள். வாங்கியவர்களோ நுண்கடன் கம்பனிகளின் வாராந்த வசூலில் நொந்துபோனவர்கள். அந்தக் கடன்களின் கொடுமை நாடளவில் பேசப்பட்டு, 2018இல் அரசாங்கமே வறட்சி பாதித்த மாவட்டங்களில் ஓர் இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட பெண்களின் கடன்களைத் தீர்க்க முன்வந்தது. இந்தக் குழு பணத்தைக் கடனாகக் கொடுப்பதே இல்லை. எல்லோருடைய பங்குப்பணத்தையும் சேர்த்து மொத்தமாக, கைக்காசுக்கு நூல் வாங்குகிறது. ஒரு கட்டு 10,000 ரூபா என்று வைத்துக்கொள்வோம். எல்லோருக்கும் தெரிய 300 ரூபா இலாபம் வைத்து அங்கத்தவருக்கு விற்கிறது. துணி விற்ற பிறகு காசு கொடுத்தால் போதும், தாமதித்தாலும் அந்த 300 ஏறாது. மார்க்கம் அறிந்தவர்கள் இதை முராபஹா என்பார்கள். வருட முடிவில் மேலதிகத்தில் ஒரு பகுதி, கூட நூல் வாங்கியவருக்குக் கூட, குறைய வாங்கியவருக்குக் குறைய என்று திரும்புகிறது. ரோச்டேல்காரர் செய்ததும் இதுதான். “மிஸ், இப்ப துணிய ஆருக்கு விக்கிறதென்டு நாங்கதான் முடிவெடுக்கிற” என்று அவர்களில் ஒரு ராத்தா என்னிடம் சொன்னபோது எனக்கு மூத்தம்மாவின் ஞாபகம் வந்தது.

விற்பனைதான் இன்னும் முடிச்சு அவிழாத இடம். தமிழ்நாட்டில் 1935இல் தொடங்கிய கோ-ஆப்டெக்ஸ், சிறு நெசவாளர் சங்கங்களின் துணியை வாங்கித் தன் கடைகளில் விற்கிறது. நமக்கு அப்படியொரு முதுகெலும்பு இல்லை. உள்நாட்டுப் போருக்குப் பிறகு வவுனியா வடக்கில் சர்வதேச தொழில் தாபனம் பப்பாசிச் செய்கையாளரின் கூட்டுறவுக்கு உதவியபோது, வாங்குகிற ஏற்றுமதிக் கம்பனியையும் அவர்களோடு இணைத்துவிட்டது. எங்கள் கரையோரத்துத் துணிக்கும் அப்படிக் கை கோக்கிறவர்கள் வேண்டும்.

2022இல் ரூபா சரிந்தபோது இந்தியாவிலிருந்து வருகிற நூலின் விலை கண்மண் தெரியாமல் ஏறியது. கையில் பணமாக வைத்திருந்த சங்கங்கள் அதே காசுக்குப் பாதி நூலும் வாங்க முடியாமல் தவித்தன. அந்தப் பெண்கள் அதற்குப் பின் சேமிப்பில் ஒரு பங்கை நூலாகவே இருப்பு வைக்கத் தீர்மானம் எழுதினார்கள்.

அண்மையில் ஒரு நிறுவனம் அவர்களுக்குப் புதுத் தறிகள் தர விரும்பியது. பொதுக்கூட்டத்தில் வாசித்து, கை உயர்த்தி, பதில் எழுதினார்கள். தறி இருக்கிறது. நூல் வாங்கச் சுழல்நிதி தாருங்கள். கணக்கு எழுதுகிற பிள்ளைக்கு ஒரு வருடச் சம்பளம் தாருங்கள், அடுத்த வருடத்திலிருந்து நாங்கள் கொடுப்போம். சாயம் போடத் தெரிந்த ஒருவரை அனுப்புங்கள். கொழும்பில் துணி வாங்குகிற இரண்டு கடைகளுக்கு எங்களைக் கூட்டிக்கொண்டு போங்கள்.