அனுமதிச் சீட்டில் இல்லாத பாதை

திருநகர், திருப்பரங்குன்றம் முதலிய மதுரைப் புறநகர்களிலிருந்து சில மணி நேரத்தில் எட்டக்கூடிய மேற்குத் தொடர்ச்சி மலையில், அதிகம் அறியப்படாத பாதைகளில் அழைத்துச் செல்வதாகக் கூறும் மலையேற்றப் பயணங்களுக்குப் பணம் செலுத்துவோர், அதற்கு முன்பே வனத்துறையின் அனுமதிச் சீட்டைக் கேட்டு வாங்கிப் படிப்பதும், அதில் குறிக்கப்பட்ட பாதையும் நடக்கப்போகும் பாதையும் ஒன்றுதானா என ஒப்பிடுவதும் இன்றியமையாதவை. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டக் குரங்கணியில் 23 உயிர்களைப் பறித்த காட்டுத்தீக்குப் பிறகும் இக்கேள்வி பலரால் கேட்கப்படாமலே போவது வேதனைக்குரியது.

அன்று கொழுக்குமலைப் பக்கத்திலிருந்து இறங்கிக்கொண்டிருந்தவர்களை உலர்ந்த புல்வெளியில் தீ சூழ்ந்தது. காயமுற்றோர் பலர் மதுரை அரசு இராசாசி மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டனர். சரிவில் தீ மேல்நோக்கியே விரைகிறது; கீழிருந்து எழும் வெப்பம் மேலுள்ள புல்லை முன்கூட்டியே உலர்த்திவிடுவதால், சரிவு செங்குத்தாக ஆக அதன் வேகமும் கூடுகிறது. ஆகவே மேலே ஓடுவதும், புகைபோக்கியைப் போல் அனலை இழுக்கும் குறுகிய ஓடை இடுக்கில் ஒளிவதும் பேராபத்து; புல்லற்ற பாறைப் பரப்போ ஏற்கெனவே எரிந்து அடங்கிய நிலமோதான் ஓரளவு அடைக்கலம் தரும்.

இந்த ஆபத்து ஒருபுறமிருக்க, அனுமதியைச் சட்டமும் கோருகிறது. காப்புக்காடு, அதாவது அரசு அறிவிக்கையால் எல்லை வரையறுக்கப்பட்ட காடு, 1882ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டத்தின் பாதுகாப்பில் உள்ளது. அதில் அத்துமீறி நுழைவது குற்றமாகும். சரணாலயமாயின் 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும் சேர்ந்துகொள்கிறது. முறையான வழியை நாடுவோருக்கு, 2024 அக்டோபரில் தமிழக அரசு தொடங்கிய மலையேற்றத் திட்டம் பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டிகளுடன் 40 பாதைகளைத் திறந்துள்ளது. குரங்கணி–சாம்பலாறு பாதையும் அவற்றுள் ஒன்று. அனுமதி பெற்ற பாதையில் செல்பவர் எங்கே இருக்கிறார் என்பதை வனத்துறை அறிந்திருப்பதால், மீட்புப் படை தேடலில் இழக்கும் நேரம் குறைகிறது. அவ்வகையில் அனுமதிச் சீட்டை உயிர்க்காப்பு ஆவணமாகவே கருத வேண்டும்.

தீங்கு நேர்ந்தபின், ‘சொந்தப் பொறுப்பில் வருகிறேன்’ என்று எழுதிக் கொடுத்த ஒரு கையெழுத்தோடு எல்லா உரிமையும் போய்விட்டதாகப் பல குடும்பங்கள் எண்ணி ஒதுங்கிவிடுகின்றன. அந்த எண்ணம் தவறு. கட்டணம் வாங்கிக்கொண்டு, அனுமதியற்ற பாதை என்பதை மறைத்து அழைத்துச் செல்வதைச் சேவைக் குறைபாடாக, அதாவது வாக்களித்த தரத்தில் சேவை அளிக்கத் தவறியதாக, எடுத்துக்காட்டி 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி முறையிடலாம். அக்கையெழுத்து அந்த உரிமையைப் பறிப்பதில்லை. ஏற்பாட்டாளர் சென்னையிலோ பெங்களூரிலோ இருந்தாலும், திருநகர்வாசி மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே மனு அளிக்கலாம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்கு மேற்படாவிட்டால் மனுக் கட்டணம் இல்லை. காலவரம்பு இரண்டு ஆண்டுகள். பணம் செலுத்திய ரசீது, விளம்பரம், குழுவில் பகிரப்பட்ட செய்திகள் ஆகியவை சான்றுகளாதலால் அவற்றை அழிக்கலாகாது.

அலட்சியத்தால் மரணம் நேர்ந்திருப்பின், சம்பவம் நடந்த எல்லை எதுவாயினும், எந்தக் காவல் நிலையத்திலும் புகார் பதிவு செய்யலாம். பெண்களுக்கும், பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கும், பெரும் பேரிடரில் பாதிக்கப்பட்டோருக்கும் வருமான வரம்பின்றி இலவச வழக்கறிஞரை அமர்த்தித் தரச் சட்டப்பணிகள் ஆணைக்குழு கடமைப்பட்டுள்ளது; அதன் தொலைபேசி எண் 15100.