பையன் தலையில் 'பிராக்கோலி'!

அமெரிக்கப் பையன்களுக்கு ஒரு மோகம் பிடித்தது. சுருட்டை முடி மோகம்!

பையனுக்கு 15 வயது இருக்கும். காலையில் பள்ளிக்கூடம் போகும்போது நேரான முடி. மாலையில் அழகு நிலையத்துக்குள் நுழைகிறான். இரண்டு மணி நேரம் கழித்து வெளியே வருகிறான். காரில் காத்திருக்கும் தாய்க்கு, வருவது தன் மகன்தானா என்று சந்தேகம்!

உச்சியில் சுருள் சுருளாக முடி. அது நெற்றியில் வந்து விழுகிறது. காதோரமும் பிடரியும் ஒட்ட வெட்டப்பட்டிருக்கின்றன. பச்சைக் கோசுப் பூ மாதிரி இருக்கும் 'பிராக்கோலி'யைத் தலையில் கவிழ்த்து வைத்தது போலத் தோற்றம். அதனால் 'பிராக்கோலி கிராப்பு' என்றே பெயர் வந்துவிட்டது. கேலிப் பெயர்தான். பையன்கள் அதைப் பொருட்படுத்தவில்லை!

2020-க்குப் பிறகு 'டிக்டாக்' படங்கள் மூலம் இது வேகமாகப் பரவியது. இங்கிலாந்துப் பையன்களையும் பிடித்துக்கொண்டது.

அங்கே சில தாத்தாக்கள் பேரனைத் திட்ட முடியாது. 1970-களின் கடைசியில் கால்பந்து வீரர் கெவின் கீகன் தலைமுடியைச் சுருட்டிக்கொண்டார். அவரைப் பார்த்துச் சுருட்டிக்கொண்ட வாலிபர்கள்தான் இன்றையத் தாத்தாக்கள்!

முடிக்குள் ஏணி

நேரான முடி எப்படிச் சுருளுகிறது?

தலைமுடி 'கெரட்டின்' என்ற புரதத்தால் ஆனது. அந்தப் புரத இழைகளைக் கந்தகப் பிணைப்புகள் சேர்த்துப் பிடித்திருக்கின்றன. ஏணியின் இரண்டு கால்களைப் படிகள் பிடித்திருப்பது போல.

முதலில் முடியைச் சிறு சிறு உருளைகளில் சுற்றுகிறார்கள். அதன்மேல் ஒரு மருந்தைத் தடவுகிறார்கள். மருந்து ஏணிப்படிகளில் பலவற்றை உடைக்கிறது. முடி இளகி, உருளையின் வளைவுக்குப் படிந்துவிடுகிறது. பிறகு மருந்தைக் கழுவிவிட்டு, இரண்டாவது மருந்து. அது புதிய இடங்களில் படிகளைப் பூட்டுகிறது. இனி குளித்தாலும் சுருள் கலையாது. இதற்குத்தான் 'பெர்ம்' என்று பெயர்.

மனைவி தலை கருகியது!

இந்த வித்தைக்கு வழி காட்டியவர் கார்ல் நெஸ்லர் என்ற ஜெர்மானியர். 1905-ல் லண்டனில் செய்து காட்டினார். அதற்கு முன்பு அவர் சோதனை செய்தது யார் தலையில்? மனைவி கேத்தரினா தலையில்! முதல் இரண்டு தடவையும் முடி கருகியது. தலைத் தோலும் வெந்தது. அப்படியும் அந்த அம்மாள் மூன்றாவது தடவை உட்கார்ந்தார் என்றால், அவருக்கும் பாதிப் பெருமை சேர வேண்டும்.

மின்சாரத்தால் சூடேறும் பித்தளை உருளைகள். ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு கிலோ கனம். பெண்கள் மணிக்கணக்கில் அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள். சூடு இல்லாமல் மருந்தாலேயே சுருட்டும் முறை 1938-ல்தான் வந்தது.

இடையில் இன்னொருவர் உண்டு. சிகாகோவில் வேலை பார்த்த மார்ஜரி ஜாய்னர் என்ற கறுப்பினப் பெண்மணி. இறைச்சி வேகவைக்கும் கம்பிகளைப் பார்த்து அவருக்கு யோசனை பிறந்தது. ஒரே நேரத்தில் பல சுருள் போடும் இயந்திரத்தை உருவாக்கி, 1928-ல் காப்புரிமை பெற்றார். உரிமை அவர் வேலை பார்த்த கம்பெனிக்குப் போனது. அவருக்குப் பணம் கிடைக்கவில்லை.

பிறவிச் சுருட்டைக்குத் தண்டனை

அமெரிக்கக் கறுப்பினப் பிள்ளைகள் பலருக்குச் சுருட்டை முடி பிறவியிலேயே உண்டு. அந்த முடிக்காகவே அவர்கள் பள்ளியில் கண்டிக்கப்பட்டார்கள். சிலர் வீட்டுக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். பல தாய்மார்கள் காய்ச்சிய சீப்பாலும், கார மருந்தாலும் பிள்ளைகளின் முடியை நேராக்கினார்கள். அந்தக் கார மருந்து உடைப்பதும் இதே ஏணிப்படிகளைத்தான்!

முடியின் தன்மையைக் காட்டிப் பள்ளியிலும் வேலையிலும் யாரையும் ஒதுக்கக் கூடாது என்று கலிபோர்னியா மாநிலம் 2019-ல் சட்டம் போட்டது. அமெரிக்காவில் அப்படிச் சட்டம் போட்ட முதல் மாநிலம் அதுதான். சட்டம் வந்து சில ஆண்டுகளுக்குள், நேரான முடிக்காரப் பையன்கள் காசு கொடுத்துச் சுருட்டை வாங்கினார்கள்.

தாய்மார் கவனத்துக்கு

'பெர்ம்' மருந்து கடுமையானது. அதிக நேரம் ஊறினால் முடி முறியும். தலைத் தோலில் வழிந்தால் புண்ணாகும். கண்ணில் பட்டால் ஆபத்து. சாயம் வெளுக்கவைத்த முடி இதைத் தாங்காது. வீட்டிலேயே செய்துகொள்ள மருந்து விற்கிறார்கள். அதை வாங்கிப் பையன் தானே தலையில் ஊற்றிக்கொள்வதுதான் மிகவும் பயப்பட வேண்டியது. காதோரம் வெட்டும் 'மெஷின்' சுத்தமாக இல்லாவிட்டால் படர்தாமரையும் ஒட்டிக்கொள்ளும்.

இவ்வளவும் எத்தனை நாளைக்கு? தலைமுடி மாதத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர் வளருகிறது. வளருவது பழைய நேரான முடி! மூன்று மாதத்தில் மேலே சுருள், அடியில் குச்சி. பையன் மறுபடியும் அம்மாவிடம் கையை நீட்டுகிறான்.