ராக்கெட்டா, ஏவுகணையா, மார்ட்டரா? நீர்மூழ்கியை வேட்டையாடும் ஆயுதங்களின் பெயர்க் குழப்பம்

2025 ஜூன் 23 முதல் ஜூலை 7 வரை ஐஎன்எஸ் கவரத்தி போர்க்கப்பலில் இருந்து 17 ராக்கெட்டுகளை ஏவி டிஆர்டிஓவும் கடற்படையும் சோதித்தன. ‘இஆர்ஏஎஸ்ஆர்’ என்ற அந்த ஆயுதத்தின் முழுப்பெயரைத் தமிழில் சொன்னால், ‘தூரம் கூட்டப்பட்ட நீர்மூழ்கி எதிர்ப்பு ராக்கெட்’. பெயரிலேயே ராக்கெட் இருக்கிறது. ஆனாலும் இந்த வகை ஆயுதங்களைப் பற்றிப் பேசும்போது ‘ஏவுகணை’ என்ற சொல் எப்படியோ வந்து ஒட்டிக்கொள்கிறது.

ரெண்டும் பறந்துபோய் வெடிக்கிறதுதானே, பேர்ல என்ன இருக்கு? இருக்கு. ஏவுகணை பறக்கும்போதே தன் பாதையைத் திருத்திக்கொள்ளும். இந்த ராக்கெட்டுக்கு அது தெரியாது. கல்லை எறிந்த மாதிரிதான், கையை விட்டுப் போனால் போனதுதான். அதனால்தான் ஒன்றிரண்டாக இல்லாமல் கொத்தாக ஏவுகிறார்கள்.

முன்னால் எறிவது ஏன்?

ஆரம்பத்தில் நீர்மூழ்கிக்கு எதிராக இருந்தது ஆழக்குண்டு. கப்பலின் பின்பக்கத்தில் இருந்து டிரம் மாதிரி உருட்டிவிடுவார்கள். சிக்கல் என்னவென்றால், குண்டைப் போட நீர்மூழ்கியின் தலைக்கு மேலேயே கப்பல் போக வேண்டும். அன்றைய சோனார் முன்பக்கம்தான் பார்க்கும். மிக நெருங்கியதும் எதிரி அதன் பார்வையிலிருந்து மறைந்துவிடுவான். அந்தச் சில நொடிகளில் நீர்மூழ்கி திரும்பித் தப்பிவிடும்.

இதற்கு 1942-ல் பிரிட்டன் கொண்டுவந்த பதில் ‘ஹெட்ஜ்ஹாக்’. 24 சின்னக் குண்டுகளைக் கப்பலுக்கு முன்னால் சுமார் 200 மீட்டரைத் தாண்டி வட்டமாக எறியும். குண்டுகள் போன பிறகு வெறும் கம்பிகள் குத்திட்டு நிற்கும். அதைப் பார்த்து வைத்த பெயர்தான் ஹெட்ஜ்ஹாக், நம்மூர் முள்ளெலி. ஆழக்குண்டு மாதிரி இது குறித்த ஆழத்தில் சும்மா வெடிக்காது, நீர்மூழ்கியில் பட்டால்தான் வெடிக்கும். சத்தம் வந்தால் அடி விழுந்தது என்று அர்த்தம். வரவில்லையா, தண்ணீர் கலங்கவில்லை, சோனாரில் தொடர்ந்து தேடலாம். 1944 மே மாதம் அமெரிக்காவின் யுஎஸ்எஸ் இங்கிலாந்து கப்பல் 12 நாட்களில் 6 ஜப்பானிய நீர்மூழ்கிகளை இதை வைத்தே மூழ்கடித்தது.

முள்ளெலி ராக்கெட் இல்லை, மார்ட்டர். (நம் செய்திகளில் இதை ‘மோட்டார்’ என்றும் எழுதுவதால், தண்ணீர் மோட்டாரோ என்று மயங்க வேண்டாம்.) மார்ட்டருக்கு உந்துதல் கிடைப்பது ஏவும் அந்த நொடியில் மட்டும். அந்த உதை மொத்தமும் கப்பலின் தளத்தில் இறங்கும். சின்னப் படகுகள் தாங்காது. அதனால் அமெரிக்கர்கள் அதே குண்டுக்கு ராக்கெட் பொருத்தி, ‘மவுஸ்டிராப்’, அதாவது எலிப்பொறி என்று பெயர் வைத்தார்கள். வெடிப்பொருள் மாறவில்லை, பறக்கும் விதம் மாறியது. வகையும் மாறிவிட்டது.

பிரிட்டனின் அடுத்த மார்ட்டர் ‘ஸ்குவிட்’, கணவாய். அதற்கும் பிறகு ‘லிம்போ’. இந்தியாவுக்கு இந்தக் கடைசிப் பெயர் வலிக்கும் பெயர். 1971 டிசம்பர் 9 அன்று பாகிஸ்தான் நீர்மூழ்கி ஹாங்கோர் மூழ்கடித்த ஐஎன்எஸ் குக்ரியில் இருந்தது லிம்போதான். அதன் வீச்சு ஒரு கிலோமீட்டருக்கும் குறைவு. டார்பிடோவோ பல கிலோமீட்டர் போகும். அன்றைக்கு 18 அதிகாரிகளும் 176 மாலுமிகளும் உயிரிழந்தார்கள்.

ரஷ்யப் பெயரில் எண், அமெரிக்கப் பெயரில் எழுத்து

பிரிட்டன் விலங்குப் பெயர் வைத்தால், சோவியத் எண் வைத்தது. இந்தியப் போர்க்கப்பல்கள் பற்றிப் படிக்கும்போது அடிக்கடி கண்ணில் படும் பெயர் ‘ஆர்பியு-6000’. ஆர்பியு என்பது ‘ராக்கெட் குண்டு ஏவும் கருவி’ என்பதன் ரஷ்யச் சுருக்கம். 6000 என்பது ஏறக்குறைய எத்தனை மீட்டர் எறியும் என்பது. மாடல் வரிசை என்று நினைத்துவிடக் கூடாது: ஆர்பியு-2500க்குப் பிறகுதான் ஆர்பியு-1000 வந்தது. தூரம் குறைவு, குண்டு பெரிசு.

இன்னொன்று, ஆர்பியு-6000 என்பது ராக்கெட்டின் பெயரே இல்லை. 12 குழல் கொண்ட ஏவும் கருவியின் பெயர். அதில் போடும் ராக்கெட் ‘ஆர்ஜிபி-60’. துப்பாக்கியையும் தோட்டாவையும் ஒரே பெயரில் கூப்பிட்டால் எப்படி? அதே குழலில் பின்னாளில் ரஷ்யா ‘90ஆர்’ என்ற குண்டையும் போட்டது. அது தண்ணீருக்குள் போனதும் இலக்கைத் தேடிப் போகும். ஆகவே ஒரு கப்பலில் ஆர்பியு-6000 இருக்கிறது என்ற தகவல் பாதித் தகவல்தான். உள்ளே என்ன இருக்கிறது என்பது மீதிப் பாதி.

அமெரிக்க முறைதான் இருப்பதிலேயே கறாரானது. ‘ஆர்யுஆர்-5 ஆஸ்ராக்’ என்பதில் முதல் ஆர் கப்பலிலிருந்து ஏவுவது, யு தண்ணீருக்கடி இலக்கு, கடைசி ஆர் ராக்கெட். வேடிக்கை என்னவென்றால், ஆஸ்ராக் சுமந்துபோவது தானே இலக்கைத் தேடும் டார்பிடோவை! இருந்தாலும் அது ராக்கெட்தான். ஏனென்றால் காற்றில் பறக்கும்போது அதற்கு வழிகாட்ட யாரும் இல்லை. பிறகு செங்குத்தாக ஏவும் புது ரகம் வந்தது. அது பறக்கும்போதே வழிகாட்டப்படுவதால் ‘ஆர்யுஎம்-139’ ஆகிவிட்டது. எம் என்றால் ஏவுகணை. ஓர் எழுத்துதான் வித்தியாசம்.

இன்னும் எதற்கு இந்தப் பழைய சரக்கு?

கரையோர ஆழமில்லாத கடலில் தேடிப் போகும் டார்பிடோவே தடுமாறும். கடல்தரையிலும் மேற்பரப்பிலும் ஒலி பட்டு எதிரொலித்துக் குழப்பும். ராக்கெட்டுக்குக் காது இல்லை, குழப்பமும் இல்லை. சொன்ன இடத்தில் விழும், வெடிக்கும். விலையும் டார்பிடோ பக்கத்தில் வராது.

சென்னைக்குப் பக்கத்தில் காட்டுப்பள்ளியில் 2022 டிசம்பரில் கடலில் இறக்கப்பட்ட அர்னாலா, இப்படிக் கரையோரத்தில் நீர்மூழ்கியைத் தேடுவதற்கென்றே கட்டிய கப்பல். 2025 ஜூன் 18 அன்று கடற்படையில் சேர்ந்தது. அதன் ஆயுதப் பட்டியலில் டார்பிடோவுக்குப் பக்கத்தில் ‘நீர்மூழ்கி எதிர்ப்பு ராக்கெட்’ இருக்கிறது.