காட்டத்தி மரமும் ஆமோஸ் தீர்க்கதரிசியும்



குலசேகரத்திலும் அதனைச் சூழ்ந்த சிற்றூர்களிலும், மாலை விளக்கேற்றிய பின் வேதப் புத்தகத்தைத் திறந்து ஒரு பகுதியை வாசித்து, அதன் பொருளைச் சற்று நேரம் சிந்திக்கும் வழக்கம் பல இல்லங்களில் உண்டு. அத்தகைய வாசிப்புக்குச் சங்கீதங்களையும் சுவிசேஷங்களையுமே பெரும்பாலோர் விரும்புவதைக் கண்டிருக்கிறேன். நானோ சில ஆண்டுகளாக ஆமோஸ் என்னும் எபிரேயத் தீர்க்கதரிசியின் சிறு நூலை எடுத்துக்கொண்டு வருகிறேன். அதில் ஒன்பது அதிகாரங்கள், 146 வசனங்கள். நாளொன்றுக்கு ஐந்து வசனம் என்று வைத்துக்கொண்டால் ஒரு மாதத்தில் முடிந்துவிடும். ஆயினும் நெஞ்சுக்கு ஆறுதல் தேடி அமர்பவருக்கு அது எளிய நூலன்று. அதன் காரணத்தைப் போகப்போகக் காண்போம். கிறிஸ்தவரல்லாத மாணவரும் இதனை ஏறத்தாழ 2,750 ஆண்டுப் பழமையுள்ள ஓர் இலக்கியமாகக் கேட்கலாம்.

ஆமோஸ் வாழ்ந்தது கி.மு. 8ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி. எருசலேமுக்குத் தெற்கே பத்து மைல் அளவில் உள்ள தெக்கோவா அவர் ஊர். அக்காலத்தில் எபிரேயர் நாடு இரண்டாகப் பிரிந்திருந்தது. தெற்கில் யூதா, வடக்கில் இஸ்ரவேல். தெற்கத்தியரான ஆமோஸ் வடநாட்டுக்குச் சென்று, பெத்தேல் என்னும் அரசுக் கோயிலில் நின்று பேசினார். அங்கே இரண்டாம் யெரொபெயாம் ஆண்டுகொண்டிருந்தான். எல்லைகள் விரிந்திருந்தன, வாணிகம் செழித்திருந்தது, பலிபீடங்களில் புகை ஓயவில்லை. இவ்வளவு வளமான வேளையில் ஒருவர் வந்து, இந்நாடு அழியப்போகிறது என்று சொன்னால் யார் கேட்பர்? கோயிலின் ஆசாரியனான அமத்சியா அவரை நாட்டைவிட்டு வெளியேறச் சொன்னான். உன் ஊரிலே போய்ப் பிழைத்துக்கொள் என்றும் ஏளனம் செய்தான்.

அதற்கு ஆமோஸ் தந்த மறுமொழி குலசேகரத்து மாணவருக்குத் தனிச் சுவை தரும். தாம் தீர்க்கதரிசியும் அல்லர், தீர்க்கதரிசிக் குலத்தவரும் அல்லர். மந்தை மேய்ப்பவர், காட்டத்தி மரத்தில் வேலை செய்பவர் என்றார். நம்மிடையே பரவலாக வழங்கும் தமிழ் மொழிபெயர்ப்பு அவரைக் காட்டத்திப் பழம் பொறுக்குகிறவராகக் காட்டுகிறது. மூலத்தில் உள்ள எபிரேயச் சொல் வேதாகமம் முழுவதிலும் அந்த ஓரிடத்தில்தான் வருகிறது. ஆகவே பொருள் காண்பது கடினம். பழைய கிரேக்க மொழிபெயர்ப்பாளர் அதனைக் கீறுதல் என்ற பொருளில் கொண்டனர். அவர்கள் கொண்டதே சரியெனக் கருதுகிறேன். காட்டத்திக் காயைக் கீறினாலன்றி அது பழுக்காது என்றும், இரும்புக் கருவியால் கீறிய நான்காம் நாள் பழுத்துவிடும் என்றும் கிரேக்க அறிஞர் தியோபிராஸ்தஸ் எழுதியிருக்கிறார். காயம்பட்ட காயில் எத்திலீன் என்னும் வாயு சுரந்து, பழுப்பதை விரைவுபடுத்துகிறது என்பது இன்றைய அறிவியலின் விளக்கம்.

இதனை நம் ஊரில் விளக்க நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. பொழுது புலருமுன் கையில் கத்தியோடு ரப்பர்த் தோட்டத்துக்குள் செல்லும் பால்வெட்டுத் தொழிலாளியைப் பாருங்கள். வெயில் ஏறுமுன் வெட்டினால்தான் பால் நன்றாக ஓடும். பட்டையை மெல்லிய சீவலாகச் சீவ வேண்டும். கத்தி தடிவரை இறங்கிவிட்டால் மரம் புண்படும், பட்டை மறுபடி நன்றாக வளராது. ஆழம் குறைந்தாலோ சிரட்டை நிரம்பாது. மரம் ஏறிக் காய்தோறும் கீறிய ஆமோசின் கையும் இத்தகைய பழக்கம் பெற்ற கையாகவே இருந்திருக்க வேண்டும். தெக்கோவாவின் உயரமான குளிர்நிலத்தில் காட்டத்தி விளைவதில்லை. ஆகவே அவர் தாழ்நிலங்களுக்கு இறங்கிச் சென்று இத்தொழிலைச் செய்திருக்க வேண்டும். அவரை ஏழைக் கூலியாளர் என்பாரும், மந்தையும் தோப்பும் உடையவர் என்பாரும் அறிஞருள் உளர். எப்படியாயினும் கோயில் வருவாயில் உண்டவர் அல்லர். அமத்சியாவின் ஏளனத்துக்கு அதுவே விடையாயிற்று.

இனி அவர் பேசிய முறையைக் கவனியுங்கள். தொடக்கத்திலேயே இஸ்ரவேலரைக் குற்றம் சாட்டவில்லை. தமஸ்கு, காசா, தீரு, ஏதோம், அம்மோன், மோவாப் என்று சுற்றிலுமுள்ள அயலாரின் கொடுமைகளை வரிசையாக எடுத்துரைக்கிறார். கேட்டவர்கள் தலையசைத்திருப்பர் என்பதில் ஐயமில்லை. பகைவனின் குற்றத்தைக் கேட்பதற்கு யாருக்குத்தான் கசக்கும்? அடுத்து யூதா. பின்னர், வளையம் மூடியதும், இஸ்ரவேல். அதற்கே மற்றெல்லாவற்றினும் நீண்ட குற்றப்பட்டியல். மேடைப்பேச்சுப் பயிலும் கல்லூரி மாணவர் இந்த இரண்டு அதிகாரங்களையும் அமைப்புக்காகவேனும் படிக்கலாம். மோவாப்மீது சாட்டிய குற்றம் யாதெனில், ஏதோமின் அரசனுடைய எலும்புகளை எரித்தமை. அதனால் இஸ்ரவேலருக்கு ஒரு தீங்கும் நேரவில்லை. அயலான் அயலானுக்குச் செய்த கொடுமையையும் கணக்கில் எடுத்தார் என்பது அக்காலத்தில் சிறிய செய்தியன்று.

இஸ்ரவேலின் குற்றங்களில் முதலில் நிற்பது, சிறு கடனுக்காக, ஒரு சோடிச் செருப்பின் விலைக்கு ஏழையை விற்றது. எட்டாம் அதிகாரத்திலோ கடைத்தெருவின் உள்வேலை முழுவதும் வெளிப்படுகிறது. தானியம் விற்பவன் ஓய்வுநாள் எப்போது முடியும் என்று காத்திருக்கிறான். விற்கும் அளவையாகிய எப்பாவைச் சிறிதாக்குகிறான், வாங்குபவன் தரும் வெள்ளியை நிறுக்கும் சேக்கல் கல்லைப் பெரிதாக்குகிறான், தராசையும் கோணலாக்குகிறான், பதரையும் கூட்டி விற்கிறான். ஆக, ஒரு வியாபாரத்தில் நான்கு களவு. வடநாட்டுத் திர்சா நகரம் எனக் கருதப்படும் இடத்தை அகழ்ந்தபோது, கி.மு. 10ஆம் நூற்றாண்டில் வீடுகள் ஏறக்குறைய ஒரே அளவாக இருந்தமையும், 8ஆம் நூற்றாண்டில் ஒரு பகுதியில் பெருமனைகளும் மற்றொரு பகுதியில் நெருக்கமான சிறு குடில்களுமாகப் பிரிந்தமையும் தெரியவந்தன. சமாரியாவில் தந்தச் செதுக்கல்கள் கிடைத்தன. தந்தக் கட்டிலில் சாய்ந்திருப்போரை ஆமோஸ் கடிந்தது கவிதை மிகையன்று.

ஏழையை விற்றதைப் பற்றிய அவ்வரியை நம் மாவட்டத்தில் படிப்பதற்குத் தனிப் பொருள் உண்டு. 1949 வரை இப்பகுதி திருவிதாங்கூரைச் சார்ந்திருந்தது. அந்நாட்டில் 1836ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஒன்றரை லட்சத்துக்கு மேற்பட்டோர் அடிமைகளாகப் பதிவாயினர். அவர்களை விற்கலாம், அடகு வைக்கலாம், குத்தகைக்கு விடலாம். லண்டன் மிஷன் தொண்டர்கள் 1847இல் அரசருக்கு விண்ணப்பம் செய்தனர். 1853இல் ஒரு பகுதி விடுதலையும், 1855இல் முழு ஒழிப்பும் அறிவிக்கப்பட்டன. ஒரு சோடிச் செருப்பின் விலை என்பது இங்கே உவமை அன்று; சிலருடைய பாட்டன் பாட்டியின் கதை. இக்குற்றச்சாட்டு கோயிலுக்குப் போகாதவரை நோக்கியதன்று என்பதையும் மறக்கலாகாது. தவறாமல் பலி செலுத்தியவரை நோக்கியது. ஐந்தாம் அதிகாரத்தில் அவர்களுடைய திருவிழாவையும் பாட்டின் ஓசையையும் கடவுள் வெறுப்பதாகக் கூறுகிறார். இரவு வழிபாட்டின் இடையே இப்பகுதியை உரக்க வாசிக்க எனக்கே நாக்கு சற்றுத் தயங்குவதுண்டு.

அவ்விடத்திலேதான் புகழ்பெற்ற நீர் உவமை வருகிறது. நியாயமும் நீதியும் வற்றாத ஆறுபோல் ஓட வேண்டும் என்பது அதன் கருத்து. அமெரிக்காவில் மார்ட்டின் லூதர் கிங் 1963 ஆகஸ்டு 28ஆம் நாள் வாஷிங்டனில் ஆற்றிய உரையில் இதனை எடுத்தாண்டார். திற்பரப்பு அருவியின் அருகில் வளர்ந்தவருக்கு நீர் ஓடுவது வியப்பன்று. யூதேய மலைநாட்டிலோ, மாரியில் பெருக்கெடுக்கும் ஓடைகளில் பெரும்பாலானவை கோடையில் வெறும் கல்லும் மணலுமாகிவிடும். விழாநாளில் பெருகி மறுநாள் வறண்டுவிடும் பக்தியை ஆமோஸ் அந்த ஓடைகளோடு வைத்துப் பார்த்தார் என்று கொள்ளலாம். நம்மிடமும் 1906இல் பேச்சிப்பாறை அணை கட்டி முடிக்கப்பட்ட பின்னரே, கோதையாற்றின் நீரைத் தேக்கிவைத்துக் கால்வாய் வழியே வயல்களுக்கு முறையாகப் பகிர்ந்தளிக்க முடிந்தது.

அவர் பேச்சு வீண்போகவில்லை. ஆனால் கேட்டவர் திருந்தவும் இல்லை. கி.மு. 722 அளவில் அசீரியர் சமாரியாவைப் பிடித்தனர். நூலின் கடைசிப் பகுதி மட்டும் தொனி மாறி, இடிந்ததைக் கட்டுவது பற்றிப் பேசுகிறது. அது பிற்காலத்தார் சேர்த்தது என்று ஆராய்ச்சியாளர் பலர் கூறுவர். இருக்கலாம். ஆனால் சேர்த்தவர் நூலைக் கருத்தூன்றிப் படித்தவர். ஐந்தாம் அதிகாரத்தில் ஏழையை மிதித்துக் கட்டிய வீட்டில் குடியிருக்கமாட்டீர்கள், நட்ட திராட்சையின் இரசத்தைக் குடிக்கமாட்டீர்கள் என்ற சாபம் உண்டு. இருபத்தொன்பதாம் நாள் வாசிப்பில் அதே வீடும் அதே திராட்சைத் தோட்டமும் திரும்ப வருகின்றன. இம்முறை கட்டியவர் குடியிருக்கிறார்கள், நட்டவர் அருந்துகிறார்கள்.