கடல் எப்போது ‘அமைதி’ எனப்படுகிறது?

வானிலையாளர்களும் கப்பலோட்டிகளும் ‘அமைதி’ என்பதை வரையறுக்கப்பட்ட கலைச்சொல்லாகவே ஆள்கின்றனர். காற்றின் விசையை 0 முதல் 12 வரை வகுக்கும் போஃபர்ட் அளவுகோலில், காற்றின் வேகம் மணிக்கு 1 கடல் மைலுக்கும் குறைந்து, புகை செங்குத்தாக எழுந்து, கடற்பரப்பு கண்ணாடி போலத் தோன்றும் நிலை 0 ஆகும். அலையின் உயரத்தை அளக்கும் உலக வானிலை அமைப்பின் கடல்நிலைக் குறியீட்டிலோ, அலையற்ற பரப்பு 0 என்றும், 10 சென்டிமீட்டர் வரையிலான சிற்றலைகள் கொண்ட பரப்பு 1 என்றும் பிரிக்கப்பட்டாலும், இரண்டும் அமைதி வகையிலேயே அடங்கும்.

காற்று நீரை உரசும்போது முதலில் எழுபவை சில சென்டிமீட்டர் நீளமே உள்ள நுண்ணலைகள். அவை பரப்பைச் சொரசொரப்பாக்குவதால் காற்றுக்குப் பிடிமானம் கிடைத்து, பெரிய அலைகள் வளர்கின்றன. காற்று மிக மெலிந்தால், நீரின் பாகுநிலை, அதாவது ஓட்டத்தைத் தடுக்கும் உள்உராய்வு, அந்நுண்ணலைகளை அழித்துவிடுகிறது. மெல்லிய எண்ணெய்ப் படலமும் அவற்றை அடக்கும் என்பதைக் குளத்து நீரில் சோதித்த பெஞ்சமின் ஃபிராங்க்ளின், அதனை 1774இல் வெளியிட்டார்.

எனினும், தொலைதூரப் புயலில் பிறந்த நெடிய அலைகள் காற்றில்லாக் கடலையும் அசைக்கக்கூடும் என்பதால், காற்றின் அமைதியை மட்டும் நம்பிப் படகைச் செலுத்துவது தவறு.