நடை இழந்த நாயைப் பேணுதல்

பின்னங்கால்கள் முடங்கி வீதியோரத்திற் கிடக்கும் நாய், வண்டியில் மோதுண்டதாகவே இருத்தல் வேண்டுமென்பதில்லை. நீர்வெறுப்பு நோயும் கால்களை முடக்கவல்லது. ஆதலின் வெறுங்கையால் தொடுமுன் மிருக வைத்தியரை நாடுதல் வேண்டும்.

முள்ளந்தண்டு முறிந்ததே காரணமெனத் தெளிந்து வீட்டுக்குக் கொண்டுவருவோர், அதன் கால்களையே நோக்கி இரங்குவர். உயிரைத் தீர்மானிப்பதோ பெரும்பாலும் சிறுநீர்ப்பை. முண்ணாண் பழுதுற்றதும் அதுவும் மூளையின் ஆணையை இழக்கிறது. நிறைந்து வழிவதைக் கண்டு, நாய் தானே நீர் கழிக்கிறதென எண்ணுவோர் பலர். உள்ளே தேங்கும் நீரிற் கிருமிகள் பெருகிச் சிறுநீரகங்களைக் கெடுக்கும். நாளொன்றுக்கு 3 அல்லது 4 முறை, தொடைகளுக்குச் சற்று முன்னே வயிற்றை இரு கைகளாலும் மெல்ல அழுத்தி அதனை வெறுமையாக்குதல் வேண்டும். இதனை வைத்தியரிடம் நேரிற் பழகுவதே தகும். முரட்டுக் கை பையைக் கிழித்துவிடவுங் கூடும்.

மெத்தென்ற படுக்கையும், 4 மணித்தியாலத்துக்கு ஒருமுறை புரட்டிவிடுதலும் படுக்கைப் புண்ணைத் தடுக்கும்.

விரலை நெரிக்கையிற் கால் சுருங்குவது வெறுந் தெறிவினையாகலாம். நாய் திரும்பிப் பார்த்தாலோ முனகினாலோதான் நோவு மூளையை எட்டியதெனக் கொள்ளலாம். நடை மீளும் நம்பிக்கையும் அப்பொழுதே மிகுதி. மீளாதவற்றுக்கு இரு சில்லுள்ள சிறு வண்டியை இடுப்பிற் பூட்டினால், முன்னங்கால்களால் இழுத்து ஓடித்திரியும். படுக்கும் நேரத்தில் அதனைக் கழற்றிவிடுதல் வேண்டும்.