வெள்ளீயப் பெரோவ்சுகைட்டு சூரிய மின்கலங்களின் நிலைப்புத்தன்மை

வெள்ளீயப் பெரோவ்சுகைட்டு சூரிய மின்கலம் என்பது ஒளியை உறிஞ்சும் படலத்தில் ஈயத்துக்கு மாற்றாக வெள்ளீயத்தைக் கொண்ட சூரிய மின்கலம் ஆகும். ஈயம் சேர்ந்த பெரோவ்சுகைட்டு மின்கலங்கள் 2009 ஆம் ஆண்டில் சப்பானில் 3.8 விழுக்காட்டுத் திறனுடன் அறிமுகமாகி, பின்னர் 26 விழுக்காட்டைக் கடந்தன. ஆனால் ஈய அயோடைடு நீரில் சிறிதளவு கரையும். மின்பலகை உடைந்தால் அது மழைநீருடன் மண்ணில் சேரக்கூடும். தனிம அட்டவணையில் ஈயத்துக்கு நேர்மேலே உள்ள வெள்ளீயம் இயல்பான மாற்றாகக் கருதப்படுகிறது. பார்மமிடினியம் வெள்ளீய அயோடைட்டின் ஆற்றல் இடைவெளி ஏறத்தாழ 1.4 எலக்ட்ரான் வோல்ட்டு. சூரிய ஒளியை மின்னாக்க இது மிகவும் ஏற்ற அளவாகும்.

நிலையின்மைக்கான காரணம்

ஈய அணுவின் வெளிக்கூட்டிலுள்ள இரண்டு எசு-எலக்ட்ரான்கள் இறுக்கமாகப் பிணைந்துள்ளன. ஆகவே அது +2 நிலையிலேயே நிற்கிறது. வெள்ளீயத்தில் இப்பிணைப்பு தளர்வானது. காற்றுப்பட்டதும் +4 நிலைக்கு எளிதில் மாறிவிடுகிறது. இதனால் படிகத்தில் வெள்ளீய வெற்றிடங்களும் மின்துளைகளும் பெருகுகின்றன. ஒளியால் விடுபட்ட எலக்ட்ரான்கள் வெளியே எடுக்கப்படும் முன்னரே இத்துளைகளில் விழுந்து வீணாகின்றன. 2014 இல் ஆக்சுபோர்டு, நார்த்வெசுட்டர்ன் பல்கலைக்கழகங்களில் செய்யப்பட்ட முதல் மின்கலங்கள் ஏறத்தாழ 6 விழுக்காட்டுத் திறனே தந்தன.

சிதைவு தன்னைத்தானே வளர்த்துக்கொள்வதுதான் பெருந்தொல்லை. உருவாகும் வெள்ளீய டெட்ரா அயோடைடு, ஈரத்துடனும் ஆக்சிசனுடனும் வினைபுரிந்து அயோடினை வெளியிடுகிறது. அந்த அயோடின் எஞ்சிய வெள்ளீயத்தையும் +4 நிலைக்குத் தள்ளுகிறது. இச்சுழற்சி 2021 இல் விளக்கப்பட்டது.

மேம்படுத்தும் முறைகள்

மிகப் பரவலான சேர்பொருள் வெள்ளீய டைபுளோரைடு ஆகும். இது வெற்றிடங்களைக் குறைப்பதுடன், அதன் புளோரைடு +4 நிலை வெள்ளீயத்தைப் பற்றிப் படிகத்தில் சேராமல் தடுக்கிறது. அளவு மிகுந்தால் தனித்திட்டுகளாகப் பிரிந்துவிடும். கொரிய ஆய்வாளர்கள் 2016 இல் பைரசீன் சேர்த்து இதனைச் சீராகப் பரவச் செய்தனர்.

கரைப்பானும் கவனத்திற்குரியது. வழக்கமாகப் பயன்படும் டைமீதைல் சல்பாக்சைடு, அமிலச் சூழலில் சூடாகும்போது தானே வெள்ளீயத்தை ஆக்சிசனேற்றுகிறது. காற்று புகாத நைட்ரசன் பெட்டிக்குள் வேலை செய்தாலும், பகை குப்பிக்குள்ளேயே இருந்திருக்கிறது! ஆகவே வேறு கரைப்பான்கள் நாடப்படுகின்றன. கரைசலில் வெள்ளீயத்தூள் இட்டு +4 அயனிகளை மீண்டும் +2 ஆக்குவதும் உண்டு. பினெத்தைல் அமோனியம் போன்ற பெரிய கரிம அயனிகளைச் சேர்த்தால், அவை படிக அடுக்குகளிடையே அமர்ந்து ஈரம் புகுவதைத் தடுக்கின்றன.

இவற்றால் திறன் 15 விழுக்காட்டைக் கடந்துள்ளது. எனினும் வாழ்நாளில் ஈய மின்கலங்களை எட்டவில்லை.

நச்சுத்தன்மை

வெள்ளீயம் தீங்கற்றது என்பதும் முழுமையான உண்மையன்று. 2016 இல் வரிக்குதிரை மீன் கருக்களில் நடந்த ஆய்வில், வெள்ளீய அயோடைடு நீரை மிகுந்த அமிலமாக்கி ஈய அயோடைடைவிடக் கூடுதலான இறப்பை விளைவித்தது. ஆகவே கசிவற்ற உறை வெள்ளீய மின்கலங்களுக்கும் தேவைப்படுகிறது.